இரண்டு கட்டில்களும் ஒரு பத்திரமும்: 'தி பேர்ட்கேஜ்' படத்தை 28 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது

1997ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனையில் இருந்த கேசட் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து, 'தி பேர்ட்கேஜ்' படத்தை நண்பர்கள் நால்வருமாகச் சேர்ந்து பார்த்தோம். அந்தக் கேசட்டின் மீது எனக்கு இன்றும் ஒரு மனக்குறை உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் கடைசி இருபது நிமிடங்களின் மேல் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பதிந்துவைத்திருந்ததால், இரவு விருந்தில் எல்லாரும் பொய்மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில் படம் அறுந்து, வெள்ளை உடையில் ஒருவர் பந்தைத் தேய்த்துக்கொண்டு நடந்துவரத் தொடங்கிவிட்டார். ஆக, பொய் சொல்லும் பகுதியை மட்டும் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். உண்மை சொல்லும் பகுதியைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. இந்த ஆண்டு அதன் டிவிடியையும், அதற்கு மூலமான பிரெஞ்சுப் படத்தின் டிவிடியையும் அடுத்தடுத்த இரு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தோம். உடன் இருந்தவர்கள் என் மனைவியும், 79 வயதான 'மாடி மாமா'வும். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மயாமியின் சவுத் பீச் பகுதியில், ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடும் கேளிக்கை விடுதி ஒன்றை நடத்துகிறார் ஆர்மண்ட் (ராபின் வில்லியம்ஸ்). அந்த விடுதியின் நட்சத்திரம், அவரோடு நெடுங்காலமாக மாடியில் குடித்தனம் நடத்தும் ஆல்பர்ட் (நேதன் லேன்). ஆர்மண்டுக்கு என்றோ ஒரு பெண்ணோடு ஏற்பட்ட உறவில் பிறந்த வால் என்ற மகனை இருவருமே வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். சோறு ஊட்டியதும் காய்ச்சலுக்குக் கண்விழித்ததும் ஆல்பர்ட். இருபது வயதான மகன் ஒரு நாள் வந்து, தான் காதலிக்கும் பெண்ணின் தந்தை ஒஹையோ மாநிலத்து செனட்டர் (ஜீன் ஹேக்மன்) என்றும், ஒழுக்கத்தைக் காப்பதற்காக ஓர் அமைப்பையே நிறுவியவர் என்றும், அவர்கள் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றும் சொல்கிறான். வீட்டை 'சாதாரண' வீடாக மாற்ற வேண்டும். ஆல்பர்ட் அன்று வீட்டில் இருக்கக் கூடாது. மீதி இரண்டு மணி நேரமும் இந்த ஒரு கோரிக்கையிலிருந்து முளைக்கும் குழப்பம்தான்.

1973இல் பாரிஸில் ழான் புவாரே எழுதி நடித்த மேடை நாடகமே இதன் வேர். அதை 1978இல் எத்வார் மொலினாரோ 'லா காஜ் ஓ ஃபோல்' என்ற பெயரில் படமாக்கினார். ஊகோ தொன்யாட்ஸியும் மிஷேல் செரோவும் இணையாக நடித்தார்கள், என்னியோ மோரிகோனே இசையமைத்தார். 1983இல் அது அமெரிக்க பிராட்வே மேடையில் இசை நாடகமாயிற்று. மைக் நிக்கோல்ஸ் இயக்கி, இலேய்ன் மே திரைக்கதை எழுதிய ஆங்கில வடிவம் 1996 மார்ச்சில் வெளிவந்தது. பிரெஞ்சுப் படத்துக்கு 1980இலும் 1985இலும் தொடர்ச்சிகள் வந்தன. அவற்றைப் பார்க்க நேர்ந்தால், அந்த நேரத்தில் கடற்கரையில் ஒரு நடை போய்வருவது உடம்புக்கு நல்லது.

மேடையிலிருந்து வந்த நகைச்சுவை என்பதால், மயிலாப்பூர் சபா நாடகங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதன் இலக்கணம் முற்றிலும் பழக்கமானது. ஒரு கூடம், நான்கு கதவுகள், ஒருவர் உள்ளே நுழையும்போது இன்னொருவர் மறைய வேண்டும், ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு பொய் வேண்டும். மீசை வைத்த தம்பி, மீசை எடுத்த அண்ணன் என்று நாம் ஏற்கெனவே சிரித்து ஓய்ந்த ஆள்மாறாட்டம்தான். ஆனால் நம் ஆள்மாறாட்டங்களில் பெரும்பாலும் வேலைக்காகவோ பணத்துக்காகவோ கல்யாணத்துக்காகவோ இல்லாத ஒருவரை உண்டாக்குவார்கள். இந்தப் படத்திலோ, வீட்டில் இருக்கும் ஒருவரை இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கு இந்த வேறுபாடு உறைக்கவே இல்லை.

இன்றைய கண்ணுக்கு உறுத்தும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காரர் அகடோர் குவாத்தமாலாக்காரர். அவரது உச்சரிப்பும் அரைகுறை ஆடையும் படம் முழுக்கச் சிரிப்புக்குத் தீனி. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹேங்க் அசேரியா அந்த நாட்டைச் சேர்ந்தவர் அல்லர். ஆல்பர்ட்டின் நடுக்கத்துக்கு அவர் தரும் 'பிரின்' மாத்திரை உண்மையில் ஆஸ்பிரின்தான், முன்னால் இருக்கும் எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் இன்றும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வெறும் காலோடு திரிந்து பழகியவர் விருந்துக்காகக் காலணி மாட்டிக்கொண்டு தடுக்கி விழும் இடத்திலும் அப்படியே. சிரித்த பிறகு ஒரு சங்கடம் வருகிறது. பிரெஞ்சுப் படத்தில் அந்த வேலைக்காரர் கறுப்பினத்தவர். அவரை வைத்துச் செய்யப்படும் வேடிக்கைகளில் காலனிய வாடை இன்னும் கூடுதல், அங்கே சிரிப்பு வராமல் சங்கடம் மட்டுமே வருகிறது.

அதைவிட மோசமான ஒன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. ஒழுக்க அமைப்பின் மற்றொரு பெருந்தலைவர், வயது வராத ஒரு சிறுமியோடு படுக்கையில் இருந்தபோது இறந்துபோகிறார். அந்த அவமானத்திலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் செனட்டர் அவசரமாக நல்ல குடும்பம் ஒன்றில் சம்பந்தம் தேடுகிறார். கதையை நகர்த்தும் அச்சாணியே இந்தச் சாவுதான். அந்தச் சிறுமி யார், அவளுக்கு என்ன ஆயிற்று என்பது படத்துக்குப் பொருட்டே இல்லை; அவள் வயதும் நிறமும் ஒரு வரி நகைச்சுவையாகக் கடந்துபோகின்றன. சேலை கட்டிய ஆணைப் பார்த்துப் பதறுபவர்கள் இதைப் பார்த்துப் பதறாததுதான் படத்தின் கேலி என்று வாதாடலாம். இரண்டு முறை பார்த்துவிட்டேன். கேலி அந்த அளவுக்குக் கூர்மையாக எழுதப்படவில்லை.

ஆல்பர்ட்டின் பாத்திரப் படைப்புதான் அதிகமாக விவாதிக்கப்படுவது. எதற்கெடுத்தாலும் கீச்சென்று அலறுவதும், மயங்கிச் சாய்வதும், அழகு கெட்டுவிட்டதென்று புலம்புவதுமாக, தன்பாலீர்ப்பாளர் என்றாலே நளினமும் நாடகமும் என்ற அச்சில் வார்த்ததுபோல இருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. நானும் அந்தக் குற்றச்சாட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நம் சினிமாவில் இத்தகைய ஆண்கள் வெகுகாலம் கதாநாயகனைப் பயமுறுத்தும் இரண்டு நிமிடக் கோமாளிகளாகவே வந்துபோனார்கள். 2010இல் வெங்கட் பிரபுவின் 'கோவா' ஓர் ஆண் இணைக்குக் கதையில் இடம் கொடுத்ததே அன்று பெரிய விஷயம். ஆகவே ஆல்பர்ட் முதன்முதலாக அலறியபோது, பக்கத்தில் இருந்த மாடி மாமாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன், அவர் மனம் புண்படுமோ என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க சித்தப்பாவும் கரப்பான்பூச்சியைப் பார்த்தா இப்படியேதான் கத்துவாரு" என்றார். கையில் பிடித்திருந்த குற்றச்சாட்டை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டித்துண்டில் வெண்ணெய் தடவும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் முன் ஆல்பர்ட்டை 'மாமா'வாகக் காட்டலாமா என்று சோதித்துப் பார்க்கிறார் ஆர்மண்ட். ஒரு ரொட்டித்துண்டைக் கையில் எடுப்பது, கத்தியைப் பிடிப்பது, அது உடைந்துவிட்டால் அலறாமல் இருப்பது, இவையெல்லாம் 'ஆண்மை'ப் பயிற்சி. அடுத்து, கௌபாய் படங்களின் ஜான் வேய்னைப் போல நடந்துகாட்டச் சொல்கிறார். ஆல்பர்ட் சற்று யோசித்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, கைகளைத் தளரவிட்டு, அடிமேல் அடி வைத்து நடக்கிறார். அச்சு அசலாக ஜான் வேய்னின் நடை. ஆர்மண்டுக்குப் பேச்சு வரவில்லை. அவர் இப்படி நடந்தார் என்பதை இதுவரை கவனித்ததில்லை என்கிறார். நாற்பதாண்டுக் காலம் அமெரிக்க ஆண்மையின் இலக்கணமாக நின்ற நடை, பார்க்கும் கோணம் மாறியதும் ஒரு நளின நடையாகிவிடுகிறது. 1997இல் நாங்கள் ஆல்பர்ட்டைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது பார்த்தால், சிரிப்பின் குறி ஜான் வேய்னின் மேல் இருக்கிறது. படம் மாறவில்லை. பிரெஞ்சுப் படத்தில் மிஷேல் செரோ இதே ரொட்டிக் காட்சியை இன்னும் மெதுவாக, ஏறக்குறைய ஒரு சோகக் காட்சியின் நிதானத்தோடு செய்கிறார். ரொட்டி உடையும்போது அவர் முகமும் சேர்ந்து உடைகிறது. நடிப்பில் இருவரில் யார் மேல் என்று கேட்டால் செரோவின் பக்கமே என் ஓட்டு.

ராபின் வில்லியம்ஸைப் பற்றிச் சொல்லும்போது நமக்கே உரிய ஒரு கிளைக்கதை இருக்கிறது. 1993இல் அவர் பெண்வேடமிட்டு நடித்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தின் தாக்கத்தில் எழுந்ததுதான், 1996 தீபாவளிக்கு வந்த 'அவ்வை சண்முகி'. அதாவது கமல்ஹாசன் மடிசார் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அந்த மூலப் படத்தின் நாயகர் அமெரிக்காவில் பெண்வேடத்தை நேதன் லேனுக்கு விட்டுக்கொடுத்து, அடக்கமான பாத்திரத்தைத் தேர்ந்துகொண்டு நடித்திருந்தார். 'அவ்வை சண்முகி' என்ற பெயர், ஔவையாராக மேடையில் நடித்துப் பெயர்பெற்ற டி. கே. சண்முகத்துக்குச் செய்த மரியாதை. கோபாலபுரம் வழியாகப் போகும் அவ்வை சண்முகம் சாலையில் ஆட்டோ பேரம் பேசும் எத்தனை பேருக்கு, அது கிழவி வேடமிட்ட ஓர் ஆணின் பெயர் என்று நினைவிருக்கும்? ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கொண்டாடிய மேடை நம்முடையது. ஆண் பெண்வேடமிடுவதில் நமக்கு என்றுமே ஆட்சேபம் இருந்ததில்லை. ஒரே நிபந்தனை, ஆட்டம் முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட வேண்டும். சண்முகி மாமி வேடத்தைக் களைந்தால் பாண்டியன் என்ற கணவர் மிஞ்சுவார், குடும்பம் ஒன்றுசேரும், சுபம்.

அந்த நிபந்தனையை 'தி பேர்ட்கேஜ்' மீறும் இடத்தைத்தான் எனக்குக் கேசட்டில் கிரிக்கெட் மறைத்துவிட்டது. ஒளிந்திருக்கச் சொன்ன ஆல்பர்ட், முத்துமாலையும் இளஞ்சிவப்பு உடையுமாக, வாலின் 'அம்மா'வாகவே விருந்துக்கு வந்து அமர்ந்துவிடுகிறார். செனட்டருக்கு அவரை மிகவும் பிடித்துப்போகிறது. பழைய பண்பாட்டுக் குடும்பப் பெண் என்று மெய்ம்மறக்கிறார். பெற்ற தாயும் வந்து சேர, வாலுக்கு எத்தனை அம்மாதான் என்று செனட்டர் குழம்ப, ஒரே அம்மாதான் என்கிறான் மகன். ஆல்பர்ட்டின் தலையிலிருந்த பொய்முடியை எடுத்துவிட்டு, இவர்தான் என் அம்மா என்கிறான். பொய்முடி கழன்ற பிறகும் அம்மா மிஞ்சுகிறார். நம் படத்தில் வேடம் கலைந்தால் தந்தை கிடைக்கிறார். அவர்கள் படத்தில் வேடம் கலைந்தும் தாய் தாயாகவே இருக்கிறார். இந்த ஒரு நொடிக்காகவே இந்தப் படத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஹேக்மனின் செனட்டர் அதற்குச் சொல்லும் பதில், தனக்குப் புரியவில்லை என்பதுதான். விருந்து முழுவதும், வரும் வழியில் கண்ட மரங்களின் அழகைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு, கண்ணெதிரே இருப்பது புலப்படவில்லை. டயான் வீஸ்ட் நடித்த அவர் மனைவிதான் விளக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் நினைவு வந்தது. காதல் இணையான இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய உறவை முழுமையாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் தனக்கு இன்னும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். இதே 'புரியவில்லை'யை செனட்டரும் சொல்கிறார். அவரோ பத்திரிகைக்காரர்களிடமிருந்து தப்புவதற்காகப் பெண்வேடமிட்டு, ஆடுபவர்களோடு ஆடிக்கொண்டே வெளியேறுகிறார். அந்த ஆட்டத்திலிருந்து அவர் எதையாவது கற்றுக்கொண்டதாகப் படம் காட்டுவதில்லை. ஹேக்மனின் அந்தத் திகைத்த முகம் மட்டும் காசு கொடுத்துப் பார்க்கத் தக்கது.

இப்போது மாடி மாமாவுக்கு வருகிறேன். வராவிட்டால் இந்த விமர்சனம் நாணயமானதாக இருக்காது.

என் சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கியில் உடன் வேலை பார்த்த ஒருவரோடு, எங்கள் பூர்வீக வீட்டின் மாடி அறையில் 1978 முதல் இருந்தார். அவரைக் குழந்தைகள் நாங்கள் 'மாடி மாமா' என்றோம். பெரியவர்கள் எதுவும் சொல்லாமல் சமாளித்தார்கள். எனக்குச் சைக்கிள் பழக்கியது சித்தப்பா. கணக்குச் சொல்லிக்கொடுத்ததும், தீபாவளி லேகியம் கிளறியதும் மாடி மாமா. 1999இல் என் சம்பந்தம் பேச, பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் எங்காவது போய்விட்டு வர முடியுமா என்று கேட்டவன் நான்தான். என் அம்மாவோ அப்பாவோ அல்லர். நானே இரண்டு நாடக டிக்கெட் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருக்கை எண் நன்றாக இருக்கிறது என்றார்.

அவர்கள் போன பிறகு, மாடியில் சேர்த்துப் போட்டிருந்த இரண்டு கட்டில்களை நானும் என் நண்பன் ஒருவனும் பிரித்து, ஒன்றை மொட்டைமாடித் தாழ்வாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். இழுத்த இடத்தில், இருபது ஆண்டுகள் கட்டில் கால்கள் நின்ற சிவப்புத் தரையில், எட்டு வெளிறிய வட்டங்கள் இருந்தன. அவற்றின் மேல் பாயை விரித்தோம். படத்தில் ஆர்மண்டின் வீட்டிலிருந்து வண்ணவண்ணச் சிலைகளையும் ஓவியங்களையும் வெளியேற்றிவிட்டு, மடாலயம்போலக் கறுத்த மரச்சாமான்களையும் சுவர் கொள்ளாத சிலுவையையும் கொண்டுவந்து வைக்கும் காட்சியில், முன்பு நான் விழுந்து விழுந்து சிரித்திருந்தேன். இரண்டே ஆண்டு கழித்து அதையே செய்தபோது, அந்தப் படம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை. பெண்ணின் அத்தை மாடியைக் காட்டி அங்கே யார் என்று கேட்க, வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றேன். அடுத்த மாதம் முதல் தேதி மாடி மாமா கீழே இறங்கிவந்து, என் கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, "குடித்தனக்காரன் வாடகை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகவே படத்தில் எனக்கு இப்போது மன்னிக்க முடியாமல் இருப்பது அகடோரின் உச்சரிப்போ ஆல்பர்ட்டின் அலறலோ இல்லை. அந்தப் பிள்ளை வால்தான். கதைப்படி அவன் கெட்டவன் இல்லை என்பதில் திரைக்கதை மிகவும் கவனமாக இருக்கிறது. அழகாக இருக்கிறான், மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசுகிறான், கடைசியில் உண்மையும் சொல்கிறான். ஆனால் வளர்த்தவரை ஒரு மாலைப்பொழுது மறைந்திருக்கச் சொன்னதற்குப் படம் அவனிடம் வாங்கும் விலை, அந்த ஒரு வசனம் மட்டுமே. அதன் பிறகு அவனுக்குக் கல்யாணம், பாட்டு, கைதட்டல். ஆல்பர்ட்டின் காயத்தோடு படம் செலவிடும் நேரம் குறைவு. அவனுடைய பதற்றத்தோடு செலவிடும் நேரம் அதிகம். பிரெஞ்சுப் படத்தில் மகனின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை, அவனுக்கு அங்கே இத்தனை நெருக்கக் காட்சிகள் கிடையாது என்பதால் இருக்கலாம். நடித்த டான் ஃபட்டர்மன் மேல் தவறில்லை. என் கோபத்தில் பாதி வேறொருவன் மேல் உள்ளது என்பதையும் வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் இருந்த மனைவி, விருந்துக் காட்சி ஓடும்போது, நாங்கள் அன்று யாரையும் ஏமாற்றவில்லை என்ற தகவலை 26 ஆண்டுகள் கழித்துச் சாவகாசமாகச் சொன்னாள். சூப்புக் கிண்ணங்களின் அடியில் வரைந்திருக்கும் நிர்வாண இளைஞர்களை ஒளிக்க மறந்துவிட்டு, விருந்தினர் குடிக்கக் குடிக்க ஆர்மண்ட் அவசரமாகச் சூப்பை ஊற்றி நிரப்பும் கட்டம் அது. "உங்க வீட்டுக் கொடியில ரெண்டு அளவுல சட்டை காஞ்சுது. எங்க அத்தை படியிறங்கறப்பவே சொன்னாங்க, மாடியில இருக்கறவங்களும் நல்ல மனுஷங்களாத்தான் இருக்கணும், சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிற நேர்த்தியைப் பாருன்னு" என்றாள். மாடி மாமா, கஞ்சி போட்டது தான்தான் என்பதைப் பதிவு செய்தார்.

இந்த இரண்டு மணி நேரக் கூத்தில் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது, கூத்தே இல்லாத ஒரு காட்சி. வீட்டில் தனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் ஆல்பர்ட் ஒரு சிறு பையோடு வெளியேறுகிறார். சுடுகாடு மட்டுமே இருக்கும் ஓர் ஊருக்குப் போவதாகவும், அதனால்தான் சாமான் குறைவு என்றும் நாடகத்தனமாகச் சொல்கிறார். ஆர்மண்ட் பின்தொடர்ந்துபோய், சாலையோர பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்து, முன்பே வக்கீலிடம் எழுதிவாங்கி வைத்திருந்த ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். இருக்கும் சொத்தில் ஆல்பர்ட்டுக்கும் உரிமை உண்டு என்ற பத்திரம். உலகத்தில் வீடு என்று தான் நினைப்பது ஒரே ஓர் இடத்தைத்தான், அதுவும் நீ அங்கே இருப்பதால்தான் என்கிறார். அதுவரை நடன இயக்குநர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆளுக்கொரு ஆட்டம் ஆடிக்காட்டிய ராபின் வில்லியம்ஸ், இந்த இடத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். எம்மானுவேல் லுபெஸ்கியின் கேமராவும், தொடக்கத்தில் கடலின் மேல் பறந்துவந்து தெருவைக் கடந்து விடுதிக்குள்ளேயே நுழைந்த அந்தக் கேமராதான், இங்கே அசையாமல் நின்று பார்க்கிறது. கல்யாணம் செய்துகொள்ள வழியில்லாத இருவர் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆதாரம் அந்தத் தாள். படம் வந்த அதே 1996 செப்டம்பரில்தான், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே திருமணம் என்ற சட்டத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். நாடெங்கும் அந்த உரிமை கிடைக்க 2015 ஆயிற்று. அந்த நாட்களில், ஆல்பர்ட்டாக நடித்த நேதன் லேனே தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார், 1999இல்தான் சொன்னார். படத்தில் மறைக்கப்படுபவராக நடித்தவர், படத்தை விளம்பரம் செய்யும் பேட்டிகளிலும் மறைந்தே அமர்ந்திருந்தார் என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த பெஞ்சுக் காட்சியில் அவர் முகம் வேறுவிதமாகத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இல்லை. 2016இல் சித்தப்பா நினைவிழந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, உடன் வந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் மாடி மாமா 'நண்பர்' என்று எழுதினார். ரத்த சம்பந்தம் உள்ளவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளும் தேதிவாரியாக அடுக்கிய கோப்பு அவர் பையில் இருந்தது. நான் அலுவலகத்திலிருந்து கிளம்பி, அண்ணா சாலை நெரிசலைக் கடந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்து, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6 அன்று தளர்ந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் குடும்ப இணைவுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழிசெய்வது குறித்து மாநில அரசு பரிசீலிக்கலாம் என்றது. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய இணையோடு போக அனுமதித்த தீர்ப்பில், குடும்பம் என்ற ஒன்றை அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழியன்று என்று அதே நீதிமன்றம் சொன்னது. பெஞ்சில் அமர்ந்து ஆர்மண்ட் நீட்டும் தாளை, இந்தத் தேதிகளை அறிந்த சென்னைவாசி ஒருவர் வெறும் காதல் பரிசாக மட்டும் பார்க்க முடியாது.

வாங்குவோருக்கு இரண்டு வார்த்தை. முதலில் ஆங்கிலப் படத்தைப் பாருங்கள், சிரிப்புக்கு. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள், செரோவுக்கு. என்னிடம் உள்ள டிவிடிகளில் ஆங்கில சப்டைட்டில் மட்டுமே இருக்கிறது. ஆங்கிலப் படத்தில் பேச்சு மிக வேகம், ஒலி கேட்டாலும் எழுத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்களோடு பார்க்கலாமா என்று தயங்குபவர்களுக்கு, கூச்சப்படவைக்கும் காட்சி என்று எதுவும் இல்லை. கூச்சப்படவேண்டியது இருந்தால் அது பார்ப்பவர்களிடமே இருக்கும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், மாடி மாமா அந்த பெஞ்சுக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆல்பர்ட் கையெழுத்துப் போடும் தாளைக் கண்ணாடிக்கு மேலாகவும் கண்ணாடி வழியாகவும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் வங்கியில் கடன் பத்திரங்களைச் சரிபார்த்த மனிதர்.

"ஏம்பா, சாட்சிக் கையெழுத்தைக் காணோமே. ரிஜிஸ்டர் பண்ணினாங்களா இல்லையா?"

படத்தில் அதைக் காட்டவில்லை என்றேன்.